கண்காணியின் சாவி

மொன்றியல்
4 பிப்ரவரி 1973

அன்புள்ள அலீர்,

உன் நாடகத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை உன் பெரியம்மா மகளாக, அடுத்த முறை நடிகையாக. ரொட்டி வண்டி ஓட்டுகிற நீ, வீட்டு வாசல்களில் ரொட்டியை மட்டும் கொடுத்துவிட்டுப் போகவில்லை, பேச்சையும் வாரிக்கொண்டு போயிருக்கிறாய் என்று தெரிந்தது. நம் ஊர் இறால் கம்பெனியில் ஓடு உடைக்கும் பெண்கள், கழிப்பறைக்குப் போவதென்றால் கண்காணியிடம் ஆங்கிலத்தில்தான் சாவி கேட்க வேண்டும் என்ற அந்தக் கேவலமான விதி, கடைசியில் அவர்கள் கத்திகளைப் போட்டுவிட்டு வெளியே நடப்பது, எல்லாம் கண்முன்னே வந்தன.

இப்போது நல்ல செய்தி. எங்கள் இயக்குநர் கோந்திரான் வெசினாவிடம் கொடுத்தேன். இலையுதிர் காலத்தில் மேடையேற்ற விரும்புகிறார். சாவி கேட்கும் ஸெலிக்கா வேடம் எனக்கு.

இரண்டு விஷயங்களை மட்டும் நீ ஒத்துக்கொள்ள வேண்டும். முதலாவது, மொழி. நம் நியூ பிரன்சுவிக் கடற்கரைப் பிரெஞ்சு இங்கே மொன்றியல் பிரெஞ்சு பேசுகிற யாருக்கும் புரியாது. வெசினா அழகாகச் சொன்னார்: "கதை அற்புதம். ஆனா இவங்க பேசறது பிரெஞ்சா, இல்ல அலைச் சத்தமான்னு தெரியலையே." முதல் சில பக்கங்களை அவரே திருத்தியிருக்கிறார், இத்துடன் வைத்திருக்கிறேன். முகம் சுளிக்காதே. நாடகப் பள்ளியில் முதல் ஆண்டு முழுவதும் பற்களுக்கு நடுவே தக்கையைக் கடித்துக்கொண்டு என் உச்சரிப்பை மாற்றினேன். இப்போது எந்த ஊர் என்று யாரும் என்னைக் கேட்பதில்லை. அது தோல்வி இல்லை அலீர், உழைப்பு.

இரண்டாவது, ஸெலிக்கா நின்ற இடத்திலேயே நனைந்துபோகிற காட்சி. அது மிகை. பார்ப்பவர்கள் நெளிவார்கள். கற்பனைக்கும் ஒரு வரம்பு உண்டு. எடுத்துவிடு.

அம்மாவிடம் சொல், சீக்கிரம் எழுதுகிறேன் என்று.

தொரீஸ்


சேந்த்-ஓதில்
15 பிப்ரவரி 1973

அன்புள்ள தொரீஸ்,

பனியில் சாலை மூடிக் கிடக்கிறது, வண்டியை எடுக்க முடியவில்லை. ஊரில் எல்லோரும் பழைய ரொட்டியைத் தின்றுகொண்டு என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

உன் கடிதத்தைப் படித்துக் கொதித்துப்போனேன். எல்லாம் தெரிந்துகொண்டுதான் எழுதுகிறாய் என்று நினைத்தேன். உனக்குத் தெரியாது என்பது மெதுவாகத்தான் உறைத்தது.

அந்தக் காட்சி கற்பனை இல்லை. ஸெலிக்கா உன் அம்மா.

நீ அப்போது கன்னியாஸ்திரீகளின் விடுதிப் பள்ளியில் இருந்தாய். என் அம்மா பெரியம்மாவுக்குப் பக்கத்து மேசை, அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பெரியம்மா கண்காணி ஸ்டைல்ஸிடம் போய், "சாவி வேணும்" என்றாள்.

"இங்கிலீஷ்ல கேளு."

"சாவி வேணும்னேன். உனக்குப் புரிஞ்சுது."

"புரியல."

அவளுக்கு அந்த ஆங்கில வாக்கியம் தெரியாது என்று நினைத்துவிடாதே. புதிதாக வேலைக்கு வரும் பெண்களுக்கெல்லாம் அதைச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான். அன்று சொல்ல மறுத்தாள். ஏன் என்று பின்னால் கேட்டதற்கு, "என்னவோ, அன்னிக்கு வாய் வரல" என்றாளாம்.

மூன்று முறை கேட்டாள். பிறகு மேசைக்குத் திரும்பி, கத்தியை எடுத்து, வேலை செய்துகொண்டே நின்ற இடத்தில் நனைந்தாள். தரை முழுக்க உப்புத் தண்ணீர்தான், யாருக்கும் தெரியாமலே போயிருக்கும். அவளே அவனைக் கூப்பிட்டாள். "ஸ்டைல்ஸ், சாவி வேண்டாம். முடிஞ்சுது."

அப்போதுதான் முதல் கத்தி கீழே விழுந்தது. எல்லோரும் வெளியே நடந்தார்கள். ஒரு வாரம் கம்பெனி ஓடவில்லை. அதன்பிறகு சாவி போயிற்று, கழிப்பறைக் கதவு திறந்தே கிடக்கிறது. ஆங்கிலம் மட்டும் போகவில்லை. ஸ்டைல்ஸும் போகவில்லை. இன்றைக்கும் எந்த உத்தரவும் ஆங்கிலத்தில்தான்.

உன் வெசினா திருத்திய பக்கத்தைப் பார்த்தேன். "ஐயா, கழிவறையின் திறவுகோலை எனக்குத் தந்தருள்வீர்களா?" இப்படிக் கேட்கிறவளுக்கு ஸ்டைல்ஸ் என்ன, நானே கொடுக்க மாட்டேன்.

மொழியையும் மாற்ற மாட்டேன், காட்சியையும் எடுக்க மாட்டேன்.

அலீர்


மொன்றியல்
22 பிப்ரவரி 1973

அலீர்,

ஊர் முழுக்கத் தெரியும். என்னைத் தவிர. கிறிஸ்துமஸ் விடுமுறைகளில் நான் வந்து அம்மாவின் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். நீயும் எதிரே உட்கார்ந்திருந்தாய். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்வதற்கு மொன்றியல் மேடை வரை காத்திருந்தாயா?

அவள் ஒருமுறை நின்றது போதாதென்று மறுபடி அந்தத் தரையில் கொண்டுபோய் நிறுத்துகிறாய். இந்த முறை நுழைவுச்சீட்டு வாங்கிய கூட்டத்துக்கு முன்னால். நான் அந்த வேடத்தைப் போட்டு, அதற்குக் கைதட்டலும் வாங்க வேண்டுமாம். உனக்கு அது எழுத்து. எனக்கு அது என் அம்மாவின் பாவாடை.

நாடகத்தைத் திரும்ப வாங்கிக்கொள். இங்கே மட்டுமில்லை, எங்கேயும் அதைப் போடக்கூடாது.

அம்மாவுக்கு எழுத உட்கார்ந்தேன். தேதியைத் தவிர எதுவும் எழுத வரவில்லை.

தொரீஸ்


சேந்த்-ஓதில்
10 மார்ச் 1973

அன்புள்ள தொரீஸ்,

நீ கேட்டது நியாயம். நான் பெரியம்மாவிடம் முதலில் கேட்டிருக்க வேண்டும். கேட்டேன்.

நாடகத்தை எடுத்துக்கொண்டு போனேன். அடுப்பில் கோழிக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. "எனக்கு இந்தப் பொடி எழுத்தெல்லாம் ஆகாது, நீயே படி" என்றாள். படித்தேன். அவள் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டே கேட்டாள். பெண்கள் ஸ்டைல்ஸின் நடையைக் கிண்டல் செய்கிற இடத்தில் சிரித்தாள். அந்தக் காட்சி வந்தபோது கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் நிறுத்தினேன்.

"ஏன் நிறுத்தினே? படி."

முடிக்கும்வரை படித்தேன். குழம்பு அடிப்பிடித்துவிட்டது. அப்புறம் உன் கோபத்தைச் சொன்னேன்.

"அவளா வெக்கப்படறா? நான் படலையே. வெக்கப்பட வேண்டியவன் கோட்டு போட்டுக்கிட்டு நின்னான்."

"அவகிட்ட ஏன் சொல்லல பெரியம்மா?"

"சொல்லியிருந்தா பள்ளிக்கூடத்தை விட்டுட்டு ஓடி வந்து அந்த ஆளு மூஞ்சியில அறைஞ்சிருப்பா. அப்படிப்பட்ட பொண்ணு, அப்ப."

'அப்ப' என்றது அவள் வார்த்தை. நான் கூட்டவில்லை.

நாடகத்தைப் போடலாம் என்கிறாள். ஒரே நிபந்தனை: "என் வாயில வேற யார் பேச்சையும் வெக்காதே." ஆகவே வெசினாவிடம் சொல். ஒரு வார்த்தை மாறாமல் போடுவதானால் போடட்டும். இல்லையென்றால் வேண்டாம்.

எப்படியானாலும் நாங்கள் இங்கே போடப்போகிறோம். கம்பெனிப் பெண்களே நடிக்கிறார்கள். ஸெலிக்காவாக அல்பேனி துவாரோன். உனக்கு ஞாபகம் இருக்குமே, பிங்கோ ஆட்டத்தில் எண்களைக் கூவிச் சொல்கிறவள், அவளுக்கு ஒலிபெருக்கி தேவையில்லை. மாதா கோயில் கூடத்தைக் கேட்டோம். கூரை கம்பெனி போட்டுக் கொடுத்ததாம், தர மாட்டோம் என்றுவிட்டார்கள். படகு கட்டும் லிவேன் தன் கொட்டகையைத் தருகிறான். பாதி கட்டிய படகு ஒன்று நடுவில் நிற்கிறது. அதை நகர்த்த முடியாதாம், நாடகம்தான் நகர்ந்துகொள்ள வேண்டுமாம்.

அலீர்


மொன்றியல்
17 ஜூன் 1973

அன்புள்ள அலீர்,

மூன்று மாதமாக எழுதவில்லை. அம்மாவோடு தொலைபேசியில் பேசினேன். முதலில் இருவரும் வானிலையைப் பற்றிப் பேசினோம். பிறகு நான் அழுதேன். அவள், "தொலைபேசியில அழாதே, காசு ஓடுது" என்றாள். எங்களுக்குள் அவ்வளவுதான். அது போதுமாக இருந்தது.

வெசினாவை ஒத்துக்கொள்ள வைத்தேன். ஒரு வார்த்தையும் மாற்றுவதில்லை என்று கையெழுத்திட்டார். ஒத்திகை தொடங்கியது. எழுந்து நின்று, உன் எழுத்தில் அம்மாவின் முதல் வசனத்தைச் சொன்னேன்.

மற்ற நடிகர்கள் சிரித்தார்கள். சிரிக்க வேண்டிய வசனம்தான், ஆனால் அவர்கள் சிரித்தது அதற்காக இல்லை. நான் நம் ஊர்க்காரியைக் கேலி செய்து நடித்துக்காட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். எனக்கும் அப்படித்தான் கேட்டது. கடைக்காரன் வெளியூர்க்காரியைப் போலப் பேசிக்காட்டுவானே, அப்படி. குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு சொல்லிப் பார்த்தேன். சாலையில் நடக்கும்போது சொன்னேன். வரவில்லை. என் அம்மா பேச்சை நான் எனக்குள்ளிருந்து அவ்வளவு நன்றாகத் துடைத்து எடுத்திருக்கிறேன்.

ஆனாலும் விடுவதாக இல்லை. தினமும் சொல்லிக்கொண்டிருந்தேன். போன வாரம் அந்தக் காட்சிக்கு வந்தோம். வெசினா மேடை முழுக்கச் சிவப்பு விளக்கு போட்டார். ஒரு பறை ஒலிக்கும், நான் கைகளை விரித்து நிற்க வேண்டும், தண்ணீர் கிடையாது.

"அவ ஒரு பொம்பள இல்ல தொரீஸ். அவ ஒரு இனம். ஒரு இனமே அங்க நிக்குது."

"அவங்களுக்கு முழங்கால் வலி" என்றேன். "அவசரமா போகணும்னு சாவி கேட்டாங்க. கையை விரிச்சுக்கிட்டு நிக்கல. இறால் ஓடு உடைச்சுக்கிட்டு நின்னாங்க."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"என் அம்மா."

வெசினா என் தோளில் கைவைத்து, "பிரமாதம், இதை அப்படியே நடிப்புல கொண்டுவா" என்றார். நான் கோட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வார்த்தையை மாற்றவில்லை, உண்மைதான். ஆளையே மாற்றிவிட்டார்.

உன் படகுக் கொட்டகையில் எனக்கு ஒரு வேடம் வேண்டும். எதுவானாலும் சரி.

தொரீஸ்


சேந்த்-ஓதில்
28 ஜூன் 1973

அன்புள்ள தொரீஸ்,

வெசினாவுக்கு எழுதி நாடகத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். வருத்தமில்லை என்று சொன்னால் பொய். மொன்றியலில் என் பெயர் சுவரொட்டியில் வரும் என்று வண்டி ஓட்டும்போது பலமுறை நினைத்திருக்கிறேன்.

வேடம் கேட்டாய். ஸெலிக்கா அல்பேனியிடம் இருக்கிறது, அவளிடமிருந்து பிடுங்க எனக்குத் தைரியமில்லை. மற்ற பெண்களின் வேடங்களும் நிரம்பிவிட்டன. பாக்கி ஒன்றே ஒன்று.

ஸ்டைல்ஸ்.

ஆண்கள் ஒருவரும் வர மாட்டேன் என்கிறார்கள். பாதிப் பேர் அவனிடம் வேலை செய்கிறார்கள், மீதிப் பேர் அவனுக்கு இறால் விற்கிறார்கள். லிவேன் கொட்டகை தருவானாம், முகம் தர மாட்டானாம். உனக்கு ஆங்கிலம் சுத்தமாக வரும். உயரமும் இருக்கிறது. மீசை ஒட்டிக்கொள்ளலாம்.

நான் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. யோசித்து எழுது.

அலீர்

பி.கு. பெரியம்மாவிடம் சொன்னேன். "அவ அப்பா தொப்பி இருக்கு, அதைப் போட்டுக்கட்டும்" என்றாள்.


மொங்க்டன் மருத்துவமனை
6 செப்டம்பர் 1973

தொரீஸ்,

இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது, கால் கயிற்றில் தொங்குகிறது. மூஸ் மான் ஒன்று சாலை நடுவில் வந்து நின்றது, வண்டியைத் திருப்பினேன், அது பள்ளத்தில் கவிழ்ந்தது. மான் நலம். ரொட்டியை எல்லாம் மானின் உறவினர்கள் வந்து தின்றிருப்பார்கள்.

கிறிஸ்துமஸ் வரை நகரக்கூடாது என்கிறார்கள். நீதான் ஸ்டைல்ஸ் வேடத்துக்காக ஊருக்கு வந்துவிட்டாயே, ஒத்திகையையும் நீயே நடத்து. நாளைத் தள்ளிப்போடாதே. ஒருமுறை தள்ளினால் பயம் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அலீர்


சேந்த்-ஓதில்
12 செப்டம்பர் 1973

அன்புள்ள அலீர்,

நாள் தள்ளவில்லை. ஆனால் அல்பேனி விலகிவிட்டாள்.

ஸ்டைல்ஸ் அவளைத் தனியே கூப்பிட்டு, நாடகத்தில் நடிப்பவர்களுக்கு நேரம் அதிகம் இருக்கிறதாம், அவர்களை வேலையில் வைத்துக் கஷ்டப்படுத்த வேண்டாம் என்று பார்க்கிறேன் என்றானாம். அவள் புருஷனுக்கு இந்த வருஷம் படகில் வேலையில்லை. ஒத்திகைக்கு வந்து வாசலிலேயே நின்றாள். "என்னைத் திட்டுங்கடி, திட்டினா நிம்மதியா போவேன்" என்றாள். யாரும் திட்டவில்லை.

நான் தாள்களை மூடி வைத்துவிட்டேன். பின்வரிசைப் பலகையில் அம்மா உட்கார்ந்திருந்தாள், பின்னல் வேலையோடு. தினமும் வருவாள், ஒன்றும் சொல்ல மாட்டாள். எழுந்து வந்து அல்பேனி நிற்கும் இடத்தில் நின்றாள்.

"தொடங்கு" என்றாள்.

"அம்மா, அவன் உன்னையும் வேலையைவிட்டு நிறுத்துவான்."

"என்னைவிட வேகமா ஓடு உடைக்க இன்னொருத்தியை முதல்ல அவன் கண்டுபிடிக்கட்டும். நீ தொடங்கு."

அலீர், அவளிடம் நான் சாவி தர மாட்டேன் என்று சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் கேள் என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். இன்று சொன்னபோது என் குரல் இறங்கிவிட்டது. "சத்தமா சொல்லு, அவன் முனகமாட்டான்" என்று அவள் திருத்துகிறாள். வீட்டுக்கு வந்ததும் எனக்கு முட்டை பொரித்துத் தருகிறாள். என்னால் சாப்பிட முடியவில்லை.

இதை எப்படிச் செய்வது?

தொரீஸ்


மொங்க்டன் மருத்துவமனை
15 செப்டம்பர் 1973

தொரீஸ்,

நீ அவனை நல்லவனாக்கினால் அவள் நின்றது வீண். அவனைக் கேலிச்சித்திரமாக்கினாலும் வீண். அவன் அவனாகவே இருக்கட்டும். முட்டையைச் சாப்பிடு.

அலீர்


சேந்த்-ஓதில்
25 செப்டம்பர் 1973

அன்புள்ள அலீர்,

சனிக்கிழமை நாடகம் நடந்தது.

கொட்டகை கொள்ளவில்லை. பாதி கட்டிய படகுக்குள் பையன்கள் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள், லிவேன் கத்திப் பார்த்துவிட்டுத் தானும் ஏறிக்கொண்டான். மரத்தூளும் தாரும் ஈரக் கம்பளிக் கோட்டுமாக ஒரே வாடை. அல்பேனி முதல் வரிசையில், கையைக் கட்டிக்கொண்டு. ஸ்டைல்ஸ் வரவில்லை. அவன் மனைவி வந்திருந்தாள், கதவுக்குப் பக்கத்தில், தலையில் துணி கட்டி. அவளை எல்லோரும் பார்த்தார்கள், ஒருவர் தள்ளி இடம் கொடுத்தார்.

அப்பாவின் தொப்பி, ஒட்டு மீசை. நான் உள்ளே வந்ததும் சிரிப்பு. நான் ஆங்கிலத்தில் முதல் உத்தரவைப் போட்டதும் சிரிப்பு நின்றது. அந்தக் குரல் அவர்களுக்குத் தெரியும். திங்கள் முதல் வெள்ளி வரை அதைத்தான் கேட்கிறார்கள்.

அம்மா வந்தாள். நடிக்கவில்லை. ஈர ஏப்ரனில் கையைத் துடைத்தாள்.

"சாவி வேணும்."

நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். சத்தமாக, முனகாமல். அவள் இரண்டாவது முறை கேட்டாள். மூன்றாவது முறை கேட்டாள். நீ எழுதியபடி இப்போது அவள் மேசைக்குத் திரும்ப வேண்டும்.

திரும்பவில்லை. அங்கேயே நின்றாள்.

"சாவி வேணும்" என்றாள் நாலாவது முறை, பக்கத்து வீட்டில் உப்பு கேட்பது மாதிரி. ஜனங்கள் சிரித்தார்கள். நான் அதே பதிலைச் சொன்னேன். மறுபடி கேட்டாள், குழந்தைக்குப் புரியவைக்கிற மாதிரி ஒவ்வொரு எழுத்தாக. மறுபடி, பாதிரியாரிடம் பாவமன்னிப்பு கேட்கிற குரலில். கொட்டகையே குலுங்கியது. பிறகு மெதுவாக, யாருக்காகவும் இல்லாமல், "சாவி வேணும்பா" என்றாள். சிரிப்பு பாதியில் அறுந்தது.

பின்னாலிருந்து ஒரு ஆண் குரல், "குடுத்துத் தொலையேன்யா." இன்னொருத்தி, "குடுடா." அப்புறம் எல்லோரும். படகிலிருந்து, பலகைகளிலிருந்து, நம் பேச்சில், எல்லோரும் என்னைப் பார்த்துக் கத்தினார்கள். பற்களுக்கு நடுவே தக்கையைக் கடித்துக்கொண்டு நான் எந்தப் பேச்சை விட்டு ஓடினேனோ, அது மொத்தமாக என்மேல் வந்து விழுந்தது. எனக்கு வசனம் தீர்ந்துவிட்டது. சாவி என் கையில். அம்மா ஒரு முழ தூரத்தில். அவள் கண்ணைப் பார்த்தேன். கொடுத்துவிடலாம் என்று விரல்கள் திறந்தன.

கொடுக்கவில்லை. சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு முதுகைத் திருப்பி நின்றேன்.

பின்னால் அவள் மேசைக்கு நடந்து போகும் சத்தம் கேட்டது. கத்தி எடுக்கும் சத்தம். ஓடு உடையும் சத்தம். பிறகு தண்ணீர் பலகையில் சொட்டும் சத்தம். ஏப்ரனுக்குள் தண்ணீர் நிரப்பிய தோல்பையை அவளே கட்டி வைத்திருந்தாள். யாரும் நெளியவில்லை அலீர்.

"ஸ்டைல்ஸ், சாவி வேண்டாம். முடிஞ்சுது."

முதல் கத்தி கீழே விழுவதற்குள் அல்பேனி எழுந்துவிட்டாள். அவள் பின்னால் முதல் வரிசை, அதன் பின்னால் எல்லோரும். பெண்கள் வெளியே நடந்தபோது பார்க்க வந்தவர்களும் சேர்ந்தே வெளியே போய்விட்டார்கள். கடைசி வசனங்களை யாருமே கேட்கவில்லை. மன்னித்துக்கொள். காலிக் கொட்டகையில் மீசையோடு நான் மட்டும் நின்றேன். உன் நாடகத்துக்குக் கைதட்டல் கிடைக்கவில்லை.

வெளியே போனதும் அம்மாவைக் கட்டிக்கொண்டேன். என் காதில், "நல்லவேளை குடுக்கல. குடுத்திருந்தா அறைஞ்சிருப்பேன்" என்றாள். நான், "முழங்கால் எப்படிம்மா இருக்கு?" என்றேன். என் வாயிலிருந்து நம் பேச்சு வந்தது. அவள் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

நேற்று திங்கட்கிழமை. அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். காலையில் ஸ்டைல்ஸ் வந்து, எந்த மேசை எந்தப் பெட்டியை எடுக்க வேண்டும் என்று வழக்கம்போல ஆங்கிலத்தில் சொன்னான். அல்பேனி கையைத் தூக்கினாள்.

"புரியல. நம்ம பேச்சுல சொல்லுங்க."

அவன் மறுபடி ஆங்கிலத்தில் சொன்னான். அடுத்த மேசைக்காரி, "எனக்கும் புரியல." அப்படியே மேசை மேசையாக. ஒருத்தியும் கத்தியைக் கீழே வைக்கவில்லை, வெளியே நடக்கவில்லை. கையில் கத்தியோடு, மரியாதையாக, புரியவில்லை என்று நின்றார்கள். இறால் பெட்டிகள் வெயிலில் காத்திருந்தன. அவன் அலுவலகத்துக்குள் போனான். மதியம் கணக்கு எழுதும் பெண்ணைக் கூட்டிவந்து நிறுத்தினான். அவன் சொல்லச் சொல்ல அவள் பிரெஞ்சில் சொன்னாள். இன்றும் அப்படித்தான். நாளைக்கு என்ன செய்வான் என்று தெரியாது. அம்மாவுக்குத் தெரிந்துகொள்ளும் அவசரமும் இல்லை. "அவன் யோசிக்கட்டும், எங்களுக்கு வேலை இருக்கு" என்கிறாள். யாரையும் இதுவரை நிறுத்தவில்லை.

வெசினா தந்தி அனுப்பியிருக்கிறார். செய்தித்தாளில் நாலு வரி வந்ததாம். எங்கள் விருப்பப்படியே அங்கே போடலாம் என்கிறார். நீதான் முடிவு செய்ய வேண்டும். நான் எழுதிய பதில் இவ்வளவுதான்: முதலில் இங்கே வந்து பாருங்கள், பலகையில் உட்கார வேண்டியிருக்கும், தலையணை கொண்டுவாருங்கள்.

நான் மொன்றியல் அறையைக் காலி செய்வதாகச் சொல்லிவிட்டேன். வளைகுடாவுக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள் இரண்டு பேர் வந்து, அடுத்த மாதம் தங்கள் பள்ளிக்கூடத்தில் போட முடியுமா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். சரி என்றேன். இந்த முறை ஸெலிக்காவாக அல்பேனிதான். அம்மாவே கேட்டுக்கொண்டாள். ஆனால் சாவி கேட்பதை மூன்று முறையோடு நிறுத்துவதா, மேலும் கேட்டுக்கொண்டே போவதா என்று அல்பேனிக்குக் குழப்பம், நீ எழுதியதை மனப்பாடம் செய்யட்டுமா என்று அம்மாவிடம் கேட்டாள்.

"எதுக்குடி மனப்பாடம்?" என்றாள் அம்மா. "அது உன் பேச்சு."

தொரீஸ்